ஜுரம் கண்டால் திறக்கும் குமிழிகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஆராய்ச்சி மாணவன். கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிகளுக்குள் மருந்தை அடைத்து, மேலே பாலிமர் பூசுவது என் வேலை. உடம்பில் ஜுரச்சூடு ஏறினால் மட்டும் அந்தப் பாலிமர் சுருங்கிக் குமிழியைத் திறந்துவிட வேண்டும். சோதனைக்கு மருந்துக்குப் பதில் ஒரு சாயம். வெளியே வந்தால் பச்சையாக ஒளிரும். அதை அளக்கும் கருவி எங்கள் பக்கம் கிடையாது, நகரத்தில்தான்.

மே மாதத்தில் ஒரு நாள், குப்பிகளை ஐஸ் நிரப்பிய பிளாஸ்கில் வைத்து, அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினேன். நிற்பவர் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கிக்கொள்வது எங்கள் லைன் தர்மம். ஒரு அக்கா வாங்கிக்கொண்டார். கூட்டம் என்னை வாசலுக்குத் தள்ளியது.

கிண்டியில் இறங்கும்போது பை கைமாறி வந்து சேர்ந்தது. கூடவே அக்காவின் குரலும்: "தண்ணி சொட்டி பொடவையெல்லாம் ஈரமா பூட்ச்சிப்பா! ஐஸை ஜன்னல்ல கொட்டிட்டேன். பாட்டிலுங்கள மடியிலியே பத்திரமா வெச்சிக்கினு வந்தேன்!"

கருவிக்குப் பொறுப்பான பேராசிரியர் குப்பிகளை விளக்கடியில் பிடித்தார். அத்தனையும் பச்சைப் பசேலென்று ஒளிர்ந்தன.

"யாருக்குய்யா ஜுரம்?"

"தாம்பரம் ட்ரெயினுக்கு, சார்."