எட்டு மீட்டர் ஆழத்தில் கால்மணி நேரம்

கோவளத்து மீனவர் குடும்பத்தில் பிறந்த குணா, பதினைந்து வருடமாகக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஸ்கூபா டைவிங் கற்றுக்கொடுத்து வந்தார். ஐம்பத்திரண்டு வயதில் வலது கண்ணில் புரை அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று மாதம் கடலில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி பொன்னி வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டாள். எதிர்ப்படுகிறவர்களெல்லாம் கண்ணைப் பற்றியே விசாரித்தார்கள். பதில் சொல்லிச் சொல்லியே குணா களைத்துப்போனார்.

டாக்டர் அனுமதி கொடுத்த மறுநாள், முதுகில் காற்று சிலிண்டரோடு படகின் விளிம்பிலிருந்து பின்பக்கமாகச் சாய்ந்து கடலில் விழுந்தார். மாஸ்க் கண்ணைச் சுற்றி அழுத்தியபோது திக்கென்றது. ஆனால் வலி இல்லை. நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி எட்டு மீட்டர் இறங்கி மணலில் முழங்காலிட்டார். முந்தின நாள் மழையில் கடல் கலங்கிக் கிடந்தது. நீட்டிய கை முழங்கையோடு மறைந்துபோயிற்று. இதைப் பார்க்கவா இத்தனை பாடு என்று சலிப்பாக இருந்தது. ஆனாலும் மேலே போக மனம் வரவில்லை. அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. கால்மணி நேரம் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

மேலே வந்ததும், படகில் காத்திருந்த டைவிங் பள்ளி முதலாளி தீனா கைகொடுத்து ஏற்றினான்.

“இன்னாண்ணா, நல்லா தெரிஞ்சுதா?”

“ஒண்ணும் தெரில.”

தீனாவின் முகம் மாறியது. “திரும்ப டாக்டர பாக்கணுமா?”

“கண்ணு நல்லா கீதுப்பா. தண்ணிதான் கலங்கிப்போச்சு.”

“அப்போ சனிக்கிழமை காட்டாங்குளத்தூர் காலேஜ் பசங்க வராங்களே, நீங்க கூட்டிகினு போறீங்களா?”

“போறேன். இப்ப கொஞ்ச நேரம் ஒண்ணும் கேக்காத” என்று சொல்லிவிட்டு, குணா படகுப் பலகையில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார்.