அப்பாவின் தோள் துண்டு

மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தித் தண்ணீரின் வாசனை வந்தால் இன்றைக்கும் நான் எதிரில் நிற்பவரின் நெற்றியைத்தான் முதலில் பார்ப்பேன்...

எண்பதுகளில் ஒரு பஞ்சாயத்துத் தேர்தல். திருமானூர் பக்கத்தில் எங்கள் ஊர். தலைவர் பதவிக்கு அப்பா நின்றார். நாங்கள் கிறிஸ்தவர்கள், ஊரில் வேதக்காரர்கள் என்பார்கள். எங்கள் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கெட்டுப்போன அடிபம்பை ஆபீஸ் ஆபீஸாக அலைந்து சரி செய்ய வைத்தவர் என்பதால், அப்பாவை நிற்கச் சொன்னதே கோயில் தெருக்காரர்கள்தான்.

எதிர்த்து நின்றவரின் ஆட்கள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டு திரிந்தார்கள். வேதக்காரன் தலைவரானால் தேர் ஓடுமா?

கடைசி நாள். நானும் அம்மாவும் அப்பாவுக்குப் பின்னால் போனோம். முதல் தெருவில் ராசாமணி அக்கா ஆரத்தி எடுத்து, அப்பா நெற்றியில் பொட்டு வைத்தார். அப்பா குனிந்து வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று அதுவரை பயந்துகொண்டிருந்தேன்.

நாலு வீடு தாண்டியிருப்போம். மாசி மாதம்தான், ஆனாலும் வெயில். அப்பா வழக்கம்போலத் தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்...

வெள்ளைத் துண்டில் சிவப்பு. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். அப்பாவுக்கு எதுவுமே தெரியவில்லை, நடந்துகொண்டே இருந்தார்.

எங்களுக்கு முன்னால் செய்தி கோயில் தெருவுக்குப் போய்விட்டது. வேதக்காரன் பொட்டை அழித்துவிட்டானாம். அங்கே ஒரு ஆரத்தித் தட்டுகூட இல்லை. பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். ஆண்கள் மட்டும் நின்றார்கள், சிலர் கையில் கம்பு. ஒருத்தர் அப்பாவின் துண்டைக் கம்பால் சுட்டிக் காட்டினார். அப்பாவை இங்கேயே அடித்துப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

அப்பா துண்டை விரித்துப் பார்த்தார். அப்புறம்தான் புரிந்தது அவருக்கு.

"வேர்வையத்தான் தொடச்சேங்க. நான் கும்புடுற சாமி வேற, அது ஒங்க எல்லாருக்கும் தெரியும். அதுக்காக ராசாமணி வச்ச பொட்ட அழிப்பனா?"



பின்னாலேயே ஓடிவந்திருந்த ராசாமணி அக்கா முன்னால் வந்து தன் நெற்றியைக் காட்டினார். "எம் பொட்டும்தான் வேர்வையில கரைஞ்சு போச்சு. என்னையும் அடிங்க."

முன்னால் நின்றவர் கம்பைத் தாழ்த்தினார். பிறகு வழி விட்டார்கள்.

அப்பா ஜெயித்தார். தேரும் ஓடியது. ஆனால் அதற்குப் பிறகு அவர் தோளில் துண்டு போட்டு நான் பார்க்கவே இல்லை. வெயிலில் நின்று பேசும்போது வேர்வை கண்ணுக்குள் இறங்கும். துடைக்க மாட்டார். கண்ணைச் சிமிட்டிக்கொண்டே பேசுவார்.

போன வாரம் தம்பி மகன் அரியலூரிலிருந்து போன் செய்தான். கவுன்சிலருக்கு நிற்கிறானாம். இப்போது யாரும் கம்போடு நிற்பதில்லை. எல்லார் கையிலும் போன் இருக்கிறது, படம் எடுத்துவிடுகிறார்கள்.

நாளைக்கு அங்கேயும் கோயில் தெருவில் ஆரத்தி எடுக்கப்போகிறார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னான். அவனுக்குப் பழைய கதை எதுவும் தெரியாது.

"கர்சீப் கொண்டு போறியாப்பா?" என்று கேட்டேன்.

"ஆமா அத்த, வெயில் கொளுத்துதுல்ல."

"வூட்டுலயே வச்சிட்டுப் போ" என்றேன்.