நீலம் பூசிய கதவு

சும்மா கிடக்கும் எதையும் சும்மா கிடக்க விடமாட்டாள் யம்னா. கூம்பாக வார்த்து விற்கும் சர்க்கரையைச் சுற்றி வரும் ஊதாக் காகிதம், காலி மீன் டப்பா, கிழிந்துபோன பழைய அங்கி, குயவர் மேட்டில் உடைந்ததென்று கொட்டிவிட்டுப் போன வண்ண ஓட்டுச் சில்லு என்று எது கண்ணில் பட்டாலும் ஒரு நிமிடம் நின்று பார்ப்பாள். நின்று பார்த்துவிட்டாள் என்றால் அது அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடும்.

வீடு என்று அவள்தான் சொல்வாள். துறைமுக நகரமான ஸாஃபியின் ஓரத்தில், கல்லுடைத்து முடித்துக் கைவிட்ட பள்ளத்தில், தகரமும் பலகையும் பிளாஸ்டிக் தாளுமாக எழுந்து நின்ற நானூற்றுச் சொச்சம் குடிசைகளில் அதுவும் ஒன்று. புருஷன் லார்பி மீன்பிடிப் படகோடு போய்த் திரும்பாமல் போனபோது மகள் ஸிஹாமுக்கு ஒன்றரை வயது. அன்றிலிருந்து யம்னாவுக்கு மத்தி மீன் டப்பா ஆலைதான் கதி. படகு வந்தால் ஆலையில் சங்கு ஊதும், சங்கு ஊதினால் ஓடவேண்டும். மீன் இல்லாத நாளில் கூலியும் இல்லை. அந்த நாட்களில்தான் வீட்டை அலங்கரிப்பாள். பட்டினி கிடக்கிற நாளில் கை சும்மா இருந்தால் வயிறுதான் பேசும் என்பாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தத் தகரக் குடிசை என்னவெல்லாமோ ஆகிவிட்டது. தரையில் அரை மூட்டை சிமென்டைக் குழைத்து, ஓட்டுச் சில்லுகளைப் பதித்து, பச்சையும் மஞ்சளுமாக ஒரு பெரிய நட்சத்திரம் போட்டிருந்தாள். உள்சுவர் முழுக்கச் சர்க்கரைக் காகிதம், மைதாப் பசையில் ஒட்டியது. பழப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு மேலே வைக்கோல் மெத்தை, அதற்குப் பழைய திரைச்சீலையில் உறை. மத்தி டப்பாவில் ஆணியால் பொத்தல் போட்டு உள்ளே பல்பைத் தொங்கவிட்டால் சுவரெங்கும் புள்ளிப் புள்ளியாக வெளிச்சம் விழும். தேயிலை டப்பாக்களில் துளசி மாதிரி மணக்கும் ஹபக் செடி. பார்க்க வந்தவர்கள் செருப்பை வாசலிலேயே விட்டார்கள். பள்ளத்தில் வேறு எந்த வீட்டிலும் யாரும் செருப்பைக் கழற்றியதில்லை.

பக்கத்து வீட்டு மஹ்ஜூபா இதற்கு நேரெதிர். அவள் வீட்டுக் கதவு அடிப்பிடித்த சட்டி மாதிரி இருக்கும். ஒரு தடவையாவது சுண்ணாம்பு அடி என்று யம்னா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

"என் வீட்டைப் பார்த்து யாருடி பொண்ணு கேட்டு வரப்போறா? எனக்கு இருக்கறது மூணும் ஆம்பளத் தடியனுங்க" என்பாள் மஹ்ஜூபா. "நீ பூசு. நான் உன் வாசல்ல உக்காந்து பாத்துக்கறேன். எனக்கு அது போதும்."

அந்த வருஷம் குளிர்காலம் முடிகிற சமயத்தில் கணக்கெடுக்க வந்தார்கள். பள்ளத்துக்கு மேலே மேட்டு நிலத்தில் மனை பிரிக்கப் போகிறார்களாம், குடிசைக்கு ஒன்று கொடுத்து எல்லோரையும் அங்கே ஏற்றிவிடப் போகிறார்களாம். கதவு கதவாகச் சிவப்பு மையில் எண் அடித்து, எண்ணும் கதவும் தெரியும்படி ஒரு படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். யம்னா அன்றைக்கு ஆலையில் இருந்தாள். திரும்பி வந்தபோது கதவில் நானூற்றுப் பதினெட்டு என்று பூசணிக்காய் அளவுக்கு எழுதியிருந்தது. மழைக்காற்று சுண்ணாம்பையெல்லாம் அரித்துத் தின்றுவிட்டிருந்த சமயம் அது. தகரம் துருவேறிப் பல்லை இளித்துக்கொண்டு நிற்கையில்தான் படம் எடுத்திருக்கிறார்கள்.

"கணக்கெடுத்தது எடுத்தபடி இருக்கணும். யாரும் எதையும் மாத்தக் கூடாதுன்னு உத்தரவு" என்று தெருத்தெருவாகச் சொல்லிப் போனார் சி பூஷைப். அந்தப் பகுதிக்கு அரசாங்கத்தின் கண்ணும் காதும் அவர்தான், அந்த வேலைக்கு மொகத்தம் என்று பெயர். பெயருக்கு முன்னால் வரும் சி, ஐயா என்கிற மாதிரி மரியாதைக்கு.

யம்னா சிரித்தாள். அவள் சிரித்ததில் தப்பில்லை. அந்தக் கதவு இதற்கு முன் மூன்று எண்களைப் பார்த்திருக்கிறது. ஸிஹாம் பால்குடிக்கையில் சுண்ணக்கட்டியில் ஒன்று, அவள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் கறுப்பு மையில் ஒன்று, பிறகு ஒரு தேர்தலுக்கு முன்னால் தகட்டில் அடித்து ஒன்று. மூன்று தடவையும் மனை என்றார்கள். மூன்று தடவையும் மழைதான் வந்தது. அந்தத் தகட்டை யம்னா சோப்புத் தட்டாக வைத்திருந்தாள்.

வசந்தத்தில் ஸிஹாமைப் பெண் கேட்டு வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். பையன் அனுவார் நகரத்துக்குள் இரும்புக் கடையில் வேலை பார்ப்பவன். அவன் அம்மா லல்லா பத்தூல் மாடி வீட்டுக்காரி; லல்லா என்பது அம்மணி மாதிரி மரியாதைச் சொல். பத்துப் பேரோடு, சர்க்கரைக் கூம்பும் பாலும் பேரீச்சம்பழமும் மருதாணித் தட்டும் எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் குலவையிட்டபடி வாசலுக்கு வருவார்கள். அப்படி வருகிறவர்கள் முதலில் பார்ப்பது கதவைத்தான். அந்தக் கதவில் சிவப்பாக நானூற்றுப் பதினெட்டு. ஆட்டுக்குக் குறி போட்ட மாதிரி.

"எண் இருந்தா என்னம்மா? அவங்களுக்குத் தெரியாததா, நாம எங்க இருக்கோம்னு?" என்றாள் ஸிஹாம்.

"தெரியறது வேற, கண்ணுல குத்தறது வேற" என்றாள் யம்னா. "நாளைக்கு ஒரு சண்டைன்னு வந்தா உன் மாமியார் வாயில அந்த நம்பர்தான் முதல்ல வரும். அத நான் அவ கண்ணுல காட்ட மாட்டேன். புஸ்தகத்துல எழுதியிருக்காங்கல்ல? கதவுல எதுக்கு?"

சுண்ணாம்பில் ஒரு கைப்பிடி உப்பைப் போட்டு, மழைக்குக் கரையாதபடி வெளிச்சுவர் முழுக்க மூன்று பூச்சு அடித்தாள். கதவுக்குப் படகுத்துறையில் மிச்சப்பட்ட நீல எண்ணெய்ச் சாயம். அடியில் ஒரு எழுத்து நிழலாகத் தெரிந்தாலும் அது வேலையில்லை என்பது அவள் கட்சி. அதனால் பூசுவதற்கு முன் குளியலறைக் கால் தேய்க்கும் கல்லை எடுத்து, சிவப்பு மை முழுசாகப் போகும்வரை தகரத்தைத் தேய்த்தாள். ஒரு மதியம் பூராவும் தேய்த்தாள். மஹ்ஜூபா தன் வாசலில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேலாப்புல பூசிட்டுப் போவியா, இப்படிக் கிடந்து சாகறியே" என்றாள்.

"ஏன், நாளைக்கு வெயில்ல காஞ்சு அடியில இருக்கறது பல்லக் காட்டவா?" என்றாள் யம்னா.

பெண் கேட்டு வந்தார்கள். லல்லா பத்தூல் நட்சத்திரத் தரையைக் குனிந்து பார்த்தாள், காகிதச் சுவரை விரலால் தடவினாள், புதினாத் தேநீர் இரண்டு கோப்பை குடித்தாள். போகும்போது, "உன் வீடு சுத்தமா இருக்கு, லல்லா யம்னா" என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தை யம்னா ஒரு மாதம் வைத்து வைத்துத் தின்றாள். கோடை தொடங்கும்போது கல்யாணம் முடிந்து, ஸிஹாம் மாடி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த மாதம், இருபத்திரண்டு வருஷத்தில் வராதது வந்தது. மேட்டில் மனை அளந்து கல் நட்டாகிவிட்டது. சரிபார்க்க ஒரு அதிகாரி, கையில் படங்களோடு, கதவு கதவாக வந்தார். பின்னால் சி பூஷைப்.

அதிகாரி யம்னாவின் வாசலில் நின்று படத்தைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இந்தப் படத்துல இருக்கற தகரக் குடிசை எங்கம்மா?"

"இதுதான்யா."

"இது புது வீடும்மா. பழசை வித்துட்டோ இடிச்சுட்டோ புதுசு கட்டினவங்களுக்கு மனை கிடையாது. தெரியுமில்ல?"

யம்னா சுவரை முட்டியால் தட்டினாள். டங்கென்றது. "கேட்டீங்களா? தகரம். மேல இருக்கறது சுண்ணாம்பு. நான்தான் அடிச்சேன்."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். தரையில் நட்சத்திரம். சுவரில் காகிதம். மெத்தை, விளக்கு, செடி. அவர் கெட்டவரில்லை. ஆனால் அன்று காலையிலிருந்து முப்பது பேர் அவரிடம் பொய் சொல்லியிருந்தார்கள்.

"இவ்வளவு வசதியா இருக்கறவங்களுக்கு இல்லம்மா இந்தத் திட்டம்."

வசதி என்ற சொல்லை யம்னா தன் வீட்டைப் பற்றி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வேறொரு நாளாக இருந்தால் அதையும் ஒரு மாதம் வைத்துத் தின்றிருப்பாள்.

"சி பூஷைப், நீங்க சொல்லுங்க. எத்தனை வருஷமா இங்க உக்காந்து டீ குடிக்கறீங்க?" என்றாள்.

சி பூஷைப் தன் செருப்பைப் பார்த்தார். "எனக்குத் தெரியும், லல்லா. காகிதத்துக்குத் தெரியலையே. போன வாரம் நாலு பேருக்கு நான் வாய்ச்சாட்சி சொல்லி, நாலும் பொய்யாப் போச்சு. இப்ப என் வாயை யாரும் கணக்குல எடுக்கறதில்ல."

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். "பூச்சுக்கு அடியில எண் இருக்கா? வெள்ளிக்கிழமை வரேன். எண்ணைக் காட்டுங்க, பழைய கதவுதான்னு எழுதிடறேன். இல்லன்னா 'எண் அழிக்கப்பட்டது'ன்னுதான் எழுத முடியும்."

அவர் போனதும் யம்னா கத்தியை எடுத்துக்கொண்டு கதவின் முன் உட்கார்ந்தாள். அடியில் எண் இல்லை என்று இந்த உலகத்தில் யாருக்காவது உறுதியாகத் தெரியும் என்றால் அது அவளுக்குத்தான். இருந்தும் சுரண்டினாள். மஹ்ஜூபாவும் மண்ணெண்ணெயும் துணியுமாக வந்து உட்கார்ந்தாள். அவள் உருப்படியாக ஒரு வேலை செய்து யம்னா பார்த்தது அந்த மூன்று நாள்தான். நீலம் போனது. அடியில் போன பெருநாளைக்குப் பூசிய பச்சை திட்டுத்திட்டாக வந்தது. அதற்கும் அடியில் மஞ்சள், ஸிஹாம் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷத்தது. அப்புறம் வெறும் தகரம். சிவப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை.

"அரைகுறையாத் தேச்சிருக்கக் கூடாதாடி" என்றாள் மஹ்ஜூபா. சொன்ன கையோடு அழுதும்விட்டாள். "நானா இருந்தா அரைகுறையாத்தான் தேச்சிருப்பேன்."

"நீயா இருந்தா பூசியே இருக்க மாட்டே" என்றாள் யம்னா. அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் தன் கைகள் மீது. ஒரு வேலையையாவது மோசமாகச் செய்யத் தெரியாத கைகள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார், பார்த்தார், எழுதிக்கொண்டு போனார். யம்னா இரண்டு தடவை அலுவலகப் படியேறினாள். முதல் தடவை, நாளை வா என்றார்கள். இரண்டாம் தடவை, பட்டியல் மேலே போய்விட்டது என்றார்கள். மூன்றாம் தடவை போகவில்லை. ஸிஹாம் வந்து, "எங்ககூட வந்து இரும்மா" என்று அழுதாள். மகள் புகுந்த வீட்டில் மாமியாரோடு மாமியாராகப் போய் உட்காருவதா? இரண்டு அறை வீட்டில் லல்லா பத்தூல் ஒரு நாளும் ஒன்றும் சொல்லமாட்டாள். சொல்லாமலேயே ஸிஹாமின் காலம் போகும். யம்னா மாட்டேன் என்றாள். ஆலையில் கூட வேலை பார்க்கிற ஒருத்தி தன் அறையில் ஒரு மூலை தருகிறேன் என்றிருந்தாள். மூலைக்கு வாடகை உண்டு. ஆணி அடிக்கக் கூடாதாம்.

மனை கிடைத்தவர்கள் தங்கள் குடிசையைத் தாங்களே இடித்துக் காட்டினால்தான் சீட்டு கையில் வரும். பள்ளம் முழுக்கச் சுத்தியல் சத்தம். மஹ்ஜூபாவின் மகன்கள் மூன்று பேரும் சேர்ந்து ஒரே காலையில் இடித்துத் தள்ளிவிட்டார்கள். துருப்பிடித்த அந்தக் கதவு, நானூற்றுப் பத்தொன்பது சிவப்பாகத் தெரிய, குப்பை மேட்டில் வானம் பார்த்துக் கிடந்தது. வண்டி ஏறும்போது மஹ்ஜூபா யம்னாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க சுவர் எழும்பினதும் நீதான் வந்து சொல்லணும், எதை எங்க வைக்கறதுன்னு. எனக்கு என்ன தெரியும்?" என்றாள். அவள் மனசார ஆசையாகத்தான் கேட்டாள்.

"வரேன்" என்றாள் யம்னா. "சுண்ணாம்புல உப்புப் போட மறந்துடாதே."

எல்லோரும் போனபின் பள்ளத்தில் ஏழெட்டுக் குடிசைகள்தான் மிச்சம். மற்றவை எல்லாம் கணக்கெடுத்த பிறகு எங்கிருந்தோ வந்து முளைத்தவை. அவற்றோடு சேர்த்து யம்னாவின் வீடும் திங்கட்கிழமை இடிப்பு. துணிமணியை இரண்டு மூட்டையாகக் கட்டினாள். காகிதம் சுவரிலிருந்து வரவில்லை, பசை நல்ல பசை. தரை நட்சத்திரத்தைப் பெயர்க்க அவள் முயலவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லை. சுரண்டிய கதவு சொறிநாய் மாதிரி நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் எழுந்து, டப்பாவின் அடியில் மிஞ்சியிருந்த நீலத்தை வழித்து, திட்டுத் தெரியாமல் முழுக் கதவுக்கும் பூசினாள்.

மறுநாள் காலையில் இயந்திரம் பள்ளத்தில் இறங்கியது. ஓட்டுகிறவனுக்கு முன்னால் ஒருவன் நடந்து வந்து, ஒவ்வொரு குடிசையிலும் ஆள் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான். நீலக் கதவில் உள்ளங்கையால் மூன்று தட்டுத் தட்டினான். யம்னா திறந்தாள்.

அவன் உள்ளே பார்த்தான். கையிலிருந்த தாளைப் பார்த்தான். "இந்த இடம் காலின்னுல போட்டிருக்கு, சித்தி. இங்க யாரு இருக்கா?"

யம்னா அவன் கையைப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்க நீலம்.

"அவசரப்பட்டுட்டியேப்பா" என்றாள். "இன்னும் காயலை."