வாத்துக் குரலும் மைக்கில் சொன்ன பொய்யும்

பல வருடங்களுக்கு முன் நின்றுபோன பல்சுவை நிகழ்ச்சியை டிவியில் மறுபடியும் தொடங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு, குடவாசலிலிருந்து கும்பகோணத்துக்கு என்னைப் பஸ்ஸில் அழைத்துப்போனவர் என் வீட்டுக்காரர்தான். அறுப்பு முடிந்த வயலில் மேயும் வாத்துக் கூட்டம் மாதிரியே நான் குரல் கொடுப்பேன். ஊரில் அதற்கு நல்ல பெயர்.

கல்யாண மண்டபத்தில் படப்பிடிப்பு. நிகழ்ச்சியை நடத்தியவர் என்னைத் தனியே அழைத்தார்.

"அக்கா, வாத்து நல்லாருக்கு. ஆனா இப்பல்லாம் அழுதாத்தான் ஜனங்க பாக்குறாங்க. புருஷன் கொடுமக்காரர்னு சொல்லி கொஞ்சம் அழுங்க."

டிவியில் வரும் ஆசை என் கண்ணை மறைத்தது. மேடையேறி, "எங்க வீட்டுக்காரரு என்னை வாயத் தொறக்கவே விடமாட்டாருங்க" என்று அழுதேன். கூட்டம் உச்சுக் கொட்டியது.

கேமராவுக்குப் பின்னால் என் பையைப் பிடித்தபடி அவர் நின்றிருந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. ஆனாலும், 'பரவாயில்லை, சொல்லு' என்பதுபோல் தலையாட்டினார்.

அழுகையை நிறுத்திவிட்டு மைக்கை மறுபடி வாயருகே கொண்டுபோனேன்.

"முருகா, மன்னிச்சுடு! நான் சொன்னது பொய்ங்க. அந்தா பையோட நிக்கிறாரே, அவருதான் என்னைக் கூட்டியாந்தாரு."

"அக்கா, கெடுத்துட்டீங்களே! எறங்குங்க."

"வாத்துக் குரல் குடுத்துட்டுத்தான் எறங்குவேன் தம்பி."

கொடுத்தேன். மண்டபமே சிரித்தது.

திரும்பும் பஸ்ஸில் அவர் சொன்னார்: "கொடுமக்காரன்னே விட்டிருக்கலாம்டி. ஊர்ல நாலு பேராவது பயந்திருப்பான்."

டிவியில் என்னைக் காட்டவில்லை. காட்டாவிட்டால் போகட்டும். மறுபடி கூப்பிட்டாலும் அவரோடுதான் போவேன், வாத்தாகத்தான் கத்துவேன். சாமி கொடுத்த வாய் இது. இன்னொரு தடவை அவரை விற்க அதைத் திறக்கமாட்டேன்.