வெறும் ஃப்ளாஷ்

தேவாவுக்குக் கதை கட்ட வராது. வந்திருந்தால், ஆல்பம் எப்போது கிடைக்கும் என்று கேட்கிறவர்களிடம் எட்டு வருஷமாக ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டான். அதனால்தான் அவன் சொன்னதை நான் நம்புகிறேன். மூன்று தடவை சொல்லியிருக்கிறான். மூன்று தடவையும் ஒரு நிமிஷம்கூட மாறவில்லை. மணி பன்னிரண்டு பதினேழு என்றால் பன்னிரண்டு பதினேழுதான்.

இதில் ராத்திரி இல்லை. சுடுகாடு இல்லை, புளியமரமும் இல்லை. பட்டப்பகலில், நானூறு பேர் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை வழித்துக்கொண்டிருந்த கல்யாண மண்டபத்தில் தொடங்கியது. பகலில் வந்தது என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. வெளிச்சத்துக்குப் பயப்படாத ஒன்றை என்ன செய்ய முடியும்?

தேவாவுக்கு வீடு குத்துக்கல்வலசையில், ஸ்டுடியோ தென்காசியில். காதுகுத்து, சடங்கு, ஞானஸ்நானம், நிக்கா, சர்ச் கல்யாணம், கோயில் கல்யாணம் எல்லாவற்றுக்கும் போவான். எந்த வீட்டில் யாரை முதலில் மேடைக்குக் கூப்பிட வேண்டும், யாரை விட்டால் சண்டை வரும் என்பது அவனுக்கு அத்துப்படி. கெட்டிக்காரன். ஆனால் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது.

ஃப்ளாஷின் முதுகில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. ஃப்ளாஷ் வேலை செய்கிறதா என்று சோதிப்பதற்கு. அதை அமுக்கினால் வெளிச்சம் மட்டும் அடிக்கும், படம் விழாது. ஃபிலிம் காலத்தில் ரோல் வீணாகக் கூடாது என்று, 'என்னையும் ஒண்ணு எடுப்பா' என்று வருகிற சொந்தக்காரர்களுக்கு அந்த வெறும் ஃப்ளாஷை அடித்து அனுப்புவார்கள். அவர்களும் சந்தோஷமாகப் போவார்கள். இப்போது ரோலே கிடையாது. ஆனாலும் தேவா அதை விடவில்லை. ஒரு படம் கூடுதலாக எடுத்தால் பிறகு கம்ப்யூட்டரில் ஒரு படம் கூடுதலாகப் பார்க்க வேண்டுமே, அந்தச் சோம்பல்தான். இதை அவனே தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

போன வருஷம் ஆனி மாதம். குற்றாலத்தில் ஒரு மண்டபம். சிவகிரி நல்லக்கண்ணுவின் மகனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை போலீஸ் என்பதால் மேடையில் ஒரே காக்கிக் கூட்டம். வெளியே சாரல் அடித்துக்கொண்டே இருந்தது. தாலி கட்டியாகிவிட்டது. பரிசு கொடுக்கிற வரிசை வாசல் வரை நீண்டிருந்தது.

அப்போது ஒரு அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். ஐம்பது வயது இருக்கும். மடிப்பு கலையாத புதுப் பச்சைப் பட்டு. கையெல்லாம் சந்தனம். காலையிலிருந்து வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தவள். நல்லக்கண்ணுவின் அக்கா, பெயர் சங்கரேஸ்வரி. கல்யாணமே ஆகாமல் தம்பி வீட்டிலேயே இருந்து, இந்த மாப்பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள். இதெல்லாம் தேவாவுக்குப் பிற்பாடுதான் தெரியும்.

"தம்பி, என்னைய மட்டும் தனியா ஒண்ணு எடுக்கியளா?"

"கூட்டத்தோட நின்னீங்கள்லாக்கா?"

"நின்னேன். வெளிச்சம் அடிக்கையில கண்ண மூடிருதேன். ஒரு போட்டோவுலயும் நான் கண்ணு தொறந்து இருந்ததில்ல."

தேவா வரிசையைப் பார்த்தான். எரிச்சலாக இருந்தது.

"சரி, அந்தத் தூணோரம் நில்லுங்க. நான் சொல்லுத வரைக்கும் கண்ண மூடக் கூடாது."

"சரி தம்பி. மூட மாட்டேன்."

கையை முந்தானையின் உள்பக்கம் துடைத்துக்கொண்டு தூணோரம் போய் நின்றாள். கண்களை அகல விரித்தாள். தேவா கேமராவைத் தூக்கினான். கட்டைவிரலால் பின்பக்கப் பொத்தானை அமுக்கினான்.

பளிச்.

அதே நேரம் மேடையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "ஏல தேவா, தாய்மாமன் வந்தாச்சு. வெரசா வா." தேவா ஓடினான்.

அதற்கு முந்தின படத்தில் நேரம் 12:16. அடுத்த படத்தில் 12:18. நடுவில் ஒன்றும் இல்லை.

சாப்பிடப் போகும்போது திரும்பிப் பார்த்தான். அவள் இன்னும் தூணோரம்தான் நின்றுகொண்டிருந்தாள். மணி 12:41. யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இலையில் உட்கார்ந்தான்.

இருபத்தைந்து நாள் கழித்து நல்லக்கண்ணு ஸ்டுடியோவுக்கு வந்தார். முகம் சவரம் செய்யப்படாமல் கிடந்தது. அக்கா இறந்துவிட்டாள். பதினாறாம் நாளுக்குப் படம் மாட்ட வேண்டும். வீட்டில் அவள் படம் ஒன்றுகூட உருப்படியாக இல்லை.

"கல்யாணத்துல தனியா ஒண்ணு எடுத்தேன்னு எல்லார்ட்டயும் சொன்னா. கண்ணு தொறந்து எடுத்தேன்னு. அத மட்டும் பெரிசாக்கித் தாரும்."

தேவா கம்ப்யூட்டரில் தேடுவதுபோல் மௌஸை நகர்த்தினான். உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"கார்டுல கொஞ்சம் படம் அழிஞ்சு போச்சு அண்ணாச்சி. அதுல அதுவும் போயிருச்சு."

நல்லக்கண்ணு கோபப்படவில்லை. "அவளுக்குக் கொடுத்து வைக்கல," என்றார். பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதிலிருந்த மங்கலான முகத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தான் தேவா. அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு தடவை படம் எடுக்கிற பொத்தானை அமுக்கியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஒன்றும் குறைந்திருக்காது. அந்தக் கேள்வி அன்று பிடித்தது, இன்றுவரை விடவில்லை.

ஆவணி பிறந்தது. மறுபடியும் அதே மண்டபம்.

மாப்பிள்ளை ஜெஸ்வின், சுரண்டைக்காரன். பெண் உமாராணி, தென்காசி. இரண்டு பேரும் வெளியூரில் ஒரே ஆபீஸில் வேலை பார்த்து விரும்பிய கல்யாணம். காலையில் சுரண்டை சர்ச்சில் மோதிரம், மத்தியானம் குற்றாலத்தில் வரவேற்பு. ஒரு பக்கம் கோட்டு சூட்டு, ஒரு பக்கம் பட்டு வேட்டி. போதகர் ஜெபம் பண்ணி முடித்ததும் பெண்ணின் அத்தைமார் ஆரத்தித் தட்டோடு ஏறினார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தன. தேவாவுக்கு இந்த மாதிரிக் கல்யாணம் என்றால் கொண்டாட்டம். வீடியோ எடுக்க முஃபீத் வந்திருந்தான், அவனோடு ஆறு வருஷமாக வேலை செய்கிறவன்.

12:09.

கீ...ங் என்று ஒரு சத்தம். ஃப்ளாஷ் அடித்து முடித்த பிறகு மறுபடி சார்ஜ் ஏறுகிற சத்தம். ஆனால் தேவா அப்போது ஃப்ளாஷே அடிக்கவில்லை.

பேட்டரி கோளாறு என்று விட்டுவிட்டான்.

12:13.

இப்போது வருகிற கேமராக்கள் தாமாகவே கண்ணைத் தேடிப் பிடிக்கும். கண் கிடைத்தால் அதன்மேல் ஒரு சின்ன மஞ்சள் கட்டம் விழும். ஆள் கண்ணைச் சிமிட்டினால் கட்டமும் ஒரு கணம் மறைந்து வரும். மேடையில் இருந்தவர்கள் கண்ணில் எல்லாம் அப்படித்தான் வந்து வந்து போனது.

ஒரு கட்டம் மட்டும் தூணோரம் விழுந்தது.

அங்கே ஆள் இல்லை. வெறும் தூண். ஐந்தடி உயரத்தில், காற்றில், ஒரு மஞ்சள் கட்டம்.

லென்ஸைத் துணியால் துடைத்தான். மறுபடி பார்த்தான். கட்டம் அங்கேயேதான் இருந்தது.

மற்றக் கட்டங்கள் சிமிட்டின. அது சிமிட்டவில்லை.

"அண்ணே, யாரப் பாத்துக்கிட்டு நிக்கீங்க?" முஃபீத் கேட்டான்.

"அந்தத் தூணோரம் யாராவது இருக்காவளா?"

"யாரும் இல்லையே."

12:15. கட்டம் தூணோரத்தில் இல்லை. மேடையின் முதல் படியில் இருந்தது.

12:16. பெண்ணுக்கும் பெண்ணின் அம்மாவுக்கும் நடுவில். அந்த இடைவெளியில் சுவர்தான் தெரிந்தது. சந்தன வாசனை அடித்தது. கல்யாண வீட்டில் சந்தனம் மணக்காமல் என்ன செய்யும் என்று தேவா தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அன்று அந்த மண்டபத்தில் சந்தனம் வைக்கவில்லை, வாசலில் ரோஜாப்பூதான் கொடுத்தார்கள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

12:17.

பளிச்.

தேவாவின் விரல் எந்தப் பொத்தானிலும் இல்லை.

"கண்ண மூடிட்டனாண்ணே?" மேடையிலிருந்து உமாராணி சிரித்துக்கொண்டே கேட்டாள்.

தேவா கேமராவைக் கீழே இறக்கினான். எடுத்த படங்களைத் திருப்பிப் பார்த்தான். 12:09-க்குப் பிறகு எடுத்தவை அறுபத்து மூன்று. பெண், மாப்பிள்ளை, போதகர், அத்தைமார், மடியிலிருந்த குழந்தை...

எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

எல்லாப் படத்திலும்.

மறுபடி கேமராவைக் கண்ணில் வைத்தான். கட்டம் இப்போது சின்னதாக இல்லை. திரை முழுக்க இருந்தது. லென்ஸுக்கு ஒரு சாண் தூரத்தில்...

சிமிட்டாமல்.

தேவா அழுத்தினான். இந்தத் தடவை நிஜமாக.

க்ளிக்.

படத்தில் யாரும் இல்லை. எதிர்ச்சுவர்தான். அதன்மேல் அந்த மஞ்சள் கட்டம்.

கேமராவை முஃபீத் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்ச் சாரலில் நின்றான். மீதிக் கல்யாணத்தை முஃபீத்தான் எடுத்தான். அவன் எடுத்த ஒன்றிலும் கோளாறு இல்லை. அன்று சாயங்காலம் தேவா ஃப்ளாஷிலிருந்த நாலு பேட்டரியையும் கழற்றி, ஸ்டுடியோ மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினான்.

மறுநாள் சிவகிரிக்குப் போனான். நல்லக்கண்ணுவிடம் காட்டுவதற்காக, ஃப்ளாஷோடு கேமராப் பையையும் எடுத்துக்கொண்டான். வீட்டுக்குள் நுழையும்போது மணி பதினொன்று ஐம்பது. சுவரில் சங்கரேஸ்வரியின் ஆதார் முகம், பிளாஸ்டிக் மாலையோடு. அதை நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் தெம்பில்லை.

"அண்ணாச்சி, கார்டு அழியல. நான் பொய் சொன்னேன். அவங்கள நான் எடுக்கவே இல்ல. வெறும் லைட்ட மட்டும் அடிச்சிட்டுப் போயிட்டேன்."

நல்லக்கண்ணு தோளில் கிடந்த துண்டை எடுத்து மெதுவாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். திட்டுவார், கை நீட்டுவார் என்று தேவா எதிர்பார்த்தான். அடித்தால் கொஞ்சம் பாரம் குறையும் என்றுகூட நினைத்தான்.

"கண்ணப் பத்தி அவகிட்ட என்ன சொன்னீரு?"

கண்ணைப் பற்றித் தேவா இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"நான் சொல்லுத வரைக்கும் மூடக் கூடாதுன்னேன்."

"பொறவு சொன்னீரா?"

"இல்ல அண்ணாச்சி."

நல்லக்கண்ணு எழுந்து உள்ளே போனார். ஒரு சின்னப் பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டுவந்து தேவா கையில் வைத்தார். கண்ணில் விடுகிற சொட்டு மருந்து. பாதி மிச்சம் இருந்தது.

"கல்யாணம் முடிஞ்சு வந்த அன்னிக்கு ராத்திரியே தூங்கல. கண்ணு தொறந்தது தொறந்தபடி நிக்கு. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். நரம்புல ஒண்ணும் இல்ல, கண்ணு காயாம இருக்க இத ஊத்துங்கன்னாவ. பத்தொம்பது நாளு தம்பி. ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. கண்ண மூடு தாயின்னு கால்ல விழாத கொறையாக் கேட்டேன்."

சுவர்க் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

"'அந்தத் தம்பி இன்னும் சொல்லலயே'ம்பா. எந்தத் தம்பின்னு எங்களுக்குத் தெரியல. புத்தி பேதலிச்சுட்டுன்னு நெனச்சோம்."

தேவா அழுதான்.

"செத்த பொறவும் மூடல. துணி கட்டிப் பாத்தோம். அப்படியேதான் தூக்கிட்டுப் போனோம்."

நல்லக்கண்ணு சுவரைக் காட்டினார்.

"இப்பமாவது சொல்லிரும்."

தேவா படத்துக்கு முன்னால் போய் நின்றான். முதல் முறையாக அந்த முகத்தை நேராகப் பார்த்தான்.

"நான் எடுக்கலக்கா. தப்பு என்னோடது. போதும்... கண்ண மூடிக்கோங்க."

மூலையில் வைத்திருந்த பைக்குள்ளே, ஜிப்பின் இடுக்கு வழியாக...

பளிச்.

நல்லக்கண்ணுவும் அதைப் பார்த்தார். இரண்டு பேரும் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பன்னிரண்டு பதினேழு.

பேட்டரி நாலும் தென்காசியில், பூட்டின டிராயரில் கிடந்தன.