ரேகாவும் சித்ராவும்

இரண்டு வருஷத்துக்கு முன், பள்ளி ஆண்டு முடியப் போகிற சமயம், மலேசியாவில் கிள்ளான் ஊரில் என் மகள் படிக்கும் இடைநிலைப் பள்ளியின் மண்டபத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் முதலில் சிரிப்பு வரும். அப்புறம் மகளை நினைத்துக்கொள்வேன்.

நான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். வீடு பண்டமாரானில். மனைவிக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. எங்களுக்கு ஒரே மகள். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரில் இருக்கிறவர் பாதி சொல்லும்போதே மீதி எனக்குப் புரிந்துவிடும். அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன். "உங்களுக்குக் காது எதுக்கு, வாய் மட்டும் இருந்தா போதுமே" என்று மனைவி அடிக்கடி சொல்வாள். அதையும் நான் முழுதாகக் கேட்டதில்லை.

இங்கே மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, முடிக்கிற பிள்ளைகள், நான்காம் படிவத்தில் என்னென்ன விருப்பப் பாடங்கள் படிக்கப் போகிறார்கள் என்று சொல்ல வேண்டும். மலாய், இங்கிலீஷ், கணக்கு எல்லாம் எல்லாருக்கும் உண்டு. அதற்கு மேல் பாக்கேஜ் பாக்கேஜாகப் பிரித்து வைத்திருப்பார்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்ந்தது ஒன்று. கணக்கியலும் பொருளியலும் சேர்ந்தது ஒன்று. இன்னும் என்னென்னவோ இருந்தன. நான் விசாரித்தது முதல் பாக்கேஜை மட்டும்தான். மகள் நல்ல மார்க் வாங்குகிறவள். சயன்ஸ் எடுத்தால் பிற்பாடு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று துறைமுகத்தில் நாலு பேர் சொன்னார்கள். எனக்கு அது போதும்.

ஒரு நாள் துறைமுக வாசலில் லோரி வரிசையில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். மகள் போன் செய்தாள். முன்னாலும் பின்னாலும் எஞ்சின் சத்தம், ஹார்ன் சத்தம். பாடம் எடுப்பது பற்றி ஏதோ சொன்னாள். அதில் என் காதில் தெளிவாக விழுந்தது இரண்டு பெயர்கள்தான். ரேகா, சித்ரா.

அடடா, விஷயம் இதுதானா என்று நினைத்துக்கொண்டேன். ரேகா, சித்ரா என்று யாரோ இரண்டு கூட்டாளிகள். அவர்கள் ஏதோ சுலபமான பாடமாக எடுக்கிறார்கள். இவளும் அவர்கள் பின்னாலேயே போகப் பார்க்கிறாள். "வீட்டுக்கு வந்து பேசுறேன்" என்று போனை வைத்துவிட்டேன்.

வீட்டில் பேசினேன். அதாவது, நான் பேசினேன்.

"அப்பா, ரேகா எடுத்தா நல்லதுப்பா. பிற்காலத்துல நல்ல வேலை கிடைக்கும்."

"ரேகா எடுத்தா ரேகாவுக்கு வேலை கிடைக்கும். உனக்கென்ன வந்துச்சு?"

அவள் கலகலவென்று சிரித்தாள். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. எனக்குக் கோபம் ஏறியது.

"ரேகாவும் வேணாம், சித்ராவும் வேணாம். ரெண்டையும் தலை முழுகிட்டு சயன்ஸ எடு."

"விளையாடாதீங்கப்பா. நான் சீரியஸா கேக்குறேன்."

"நானும் சீரியஸாத்தான் சொல்றேன்லா!"

சிரிப்பு நின்றது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள். நான் மறுநாள் துறைமுகத்தில் தே தாரேக் டீ குடிக்கிற இடத்தில் உட்கார்ந்து, பெற்றவர்கள் பெயர்கூடத் தெரியாத அந்த ரேகாவையும் சித்ராவையும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களும் "இந்தக் காலத்துப் பிள்ளைங்கண்ணே" என்று கூடவே ஒத்து ஊதினார்கள்.

அதற்கப்புறம்தான் பள்ளியில் பெற்றோர்களைக் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை காலை. மனைவிக்கு வேலை, நானும் மகளும் மட்டும் போனோம். மண்டபம் முழுக்கக் கூட்டம். வகுப்பாசிரியை ஒரு மலாய்க்காரப் பெண்மணி, சிரித்த முகம். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, "உங்க மகள் கேட்டது கிடைச்சிருக்கு. கடைசி இடம் அது. நீங்க சரின்னு சொன்னா போதும்" என்று மலாயில் சொன்னார்.

கேட்டது எது என்று நான் கேட்டிருக்க வேண்டும். எங்கே கேட்டேன்!

"அது இருக்கட்டும் சிக்கு" என்று ஆரம்பித்தேன். ஆசிரியர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். "இந்த ரேகா, சித்ரா ரெண்டு பேரும் எந்த வகுப்பு? தயவுசெஞ்சு என் மகளை அவங்களோட போடாதீங்க. அந்தப் பிள்ளைங்களாலதான் இவ மனசு கெட்டுப் போகுது."

லோரிக்காரன் குரல். அடுத்த மேசை, அதற்கடுத்த மேசை எல்லாம் திரும்பிப் பார்த்தது.

ஆசிரியை புரியாமல் விழித்தார். "எந்த ரேகா? இந்தப் படிவத்துலயே அப்படி யாரும் இல்லையே?"

"இருக்காங்க சிக்கு! வீட்டுல வாயத் திறந்தா ரேகா, ரேகான்னுதான் பேச்சு!"

பின்னால் வரிசையில் நின்ற ஒரு தமிழ்ப் பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டார். ஆசிரியையின் கண்ணிலும் மெல்ல ஒரு சிரிப்பு கிளம்பியது. எனக்கு எதுவும் புரியவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாள்கணக்காக விளங்காத ஒன்று அந்த நிமிஷம்தான் விளங்கின முகம். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. என் கை மேல் தன் கையை வைத்தாள்.

"ஆடா, சிக்கு" என்றாள். இருக்கிறார்கள் என்று அர்த்தம். "டியூஷன்ல என் கூட்டாளிங்க. அப்பா சொல்றது சரிதான். என்னை சயன்ஸ்லயே போடுங்க."

ஆசிரியை அவளை உற்றுப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "நிச்சயமா? அந்த இடத்தை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துடுவேன்."

"கொடுத்துடுங்க, சிக்கு."

குரல் துளியும் நடுங்கவில்லை. என் பிள்ளை என் பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று எனக்கு ஒரே பெருமை. நேராகக் கேண்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போய் மைலோ ஐஸ் வாங்கிக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் துறைமுகத்தில் பார்த்துப் பழகிய ஒரு சீனர், அவரும் லோரிக்காரர்தான், முகமெல்லாம் சந்தோஷமாக எங்கள் மேசைக்கு வந்தார். மகனுடைய பெயர் காத்திருப்போர் வரிசையில் இருந்ததாம். யாரோ ஒரு பிள்ளை இடத்தை விட்டுவிட்டதாம். இப்போதுதான் ஆசிரியை கூப்பிட்டுச் சொன்னாராம்.

"என்ன பாடம் பாஸ்?" என்றேன்.

"ரேக்கா சிப்தா."

"என்னது?"

"ரேக்கா சிப்தா லா, பாஸ். புதுசா பொருள் கண்டுபிடிக்கிறது, வரையிறது, செய்யிறது. என் பையனுக்கு அதான் உயிர்."

ரேகா. சித்ரா. லோரிக்குள் எஞ்சின் சத்தத்தில் நான் கேட்டது பாடத்தின் பெயர். என் காதுதான் அதை இரண்டு பெண்களாக ஆக்கியிருந்தது. அந்த மனுஷர் போகும்வரை சும்மா தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அத்தனை சந்தோஷமாக இருக்கிறவரிடம் அது என் மகளுடைய இடம் என்று எப்படிச் சொல்ல?

மகள் மைலோவைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"ஏன் பாப்பா? அங்கேயே அப்பா தப்பா சொல்றாருன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சத்தமா பேசிட்டீங்கப்பா. எல்லாரும் கேட்டுட்டாங்க. அப்படி யாரும் இல்லன்னு சொன்னா ஹாலே சிரிச்சிருக்கும்."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. அதுக்காக ஆசைப்பட்ட பாடத்தையா விடுவே?"

"அதை வேற எப்படியாச்சும் கத்துக்கலாம்ப்பா" என்றாள். அவ்வளவுதான்.

அவளுக்குப் பதினைந்து வயசு. அந்த வயசில் நானாக இருந்தால் அப்பனை விட்டுத் தள்ளி நின்று, எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்திருப்பேன்.

எழுந்து மண்டபத்துக்கே திரும்பிப் போனேன். மகள் "வேணாம்ப்பா, வேணாம்ப்பா" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். வரிசையில் நின்று என் முறை வந்ததும், அதே லோரிக்காரன் குரலில் சொன்னேன். "சிக்கு, ரேகா ஆள் இல்லையாம். பாடமாம். நான் என்னமோ பொம்பளப் பிள்ளைங்கன்னு நெனச்சு கண்டபடி திட்டிட்டேன்."

மகள் பயந்த மாதிரியே மண்டபம் சிரித்தது. அந்தத் தமிழ்ப் பெண்மணி இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? ஆசிரியை மட்டும் சிரித்து முடித்துவிட்டு என் மகளையே பார்த்தார். "பொய் சொன்னதுக்கு உன்னை நான் திட்டணும். மனசு வரலையே" என்றார்.

ஆனால் இடம் போனது போனதுதான். யாராவது விலகினால் கூப்பிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினார். புது ஆண்டு தொடங்கியது. மகள் சயன்ஸ் வகுப்பில் உட்கார்ந்தாள். ஒரு முனகல் இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். உன் பிள்ளை ஆசைப்பட்ட பாடத்தின் பெயர்கூடத் தெரியாதவனா நீ என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டு லோரி ஓட்டினேன்.

அப்புறம் ஒரு மத்தியானம், அதே துறைமுக வாசல், அதே வரிசை. ஆசிரியை போன் செய்தார். இந்தத் தடவை எஞ்சினை அணைத்தேன், கண்ணாடியை ஏற்றினேன், கடைசி வார்த்தை வரை கேட்டேன். ரேக்கா சிப்தாவில் இருந்த ஒரு பையன் தொழிற்கல்லூரிக்கு மாறிப் போய்விட்டானாம். இடம் இருக்கிறது, அனுப்புகிறீர்களா என்றார். லோரிக்குள் தனியாக உட்கார்ந்துகொண்டு "அனுப்புறேன் சிக்கு, அனுப்புறேன்" என்று கத்தினேன்.

இப்போது ஐந்தாம் படிவம் படிக்கிறாள். அம்மாவுக்காக, மழை வந்தால் தானாக உள்ளே வந்துவிடுகிற துணிக்கொடி ஒன்று செய்கிறாள். நல்ல வெயிலில் உள்ளே வருகிறது, மழையில் வெளியே போகிறது. சரிப்படுத்திக்கொண்டே இருக்கிறாள். வேலை முடிந்து வந்ததும், "ரேகா எப்படி இருக்கா?" என்று கேட்பேன். "ரேகா நல்லா இருக்காப்பா, சித்ராதான் படுத்துறா" என்பாள்.

அன்றைக்கு மண்டபம் சிரித்த சிரிப்பு இப்போது காதில் இல்லை. நான் தலைகுனியக் கூடாது என்று, இல்லாத இரண்டு பெண்களை இருக்கிறார்கள் என்று சொன்ன அந்தச் சின்னக் குரல் மட்டும், எஞ்சினை அணைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கேட்கிறது.