நாற்பத்திரண்டாவது தவறு

செய்தி வந்தபோது வியாழக்கிழமை காலை மணி பத்தே கால். பேருந்துப் பணிமனையின் கணினி அறையில் அவள் மறுநாளைய டியூட்டிப் பட்டியலை அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். ‘காலண்டர்’ என்று எல்லாரும் அழைக்கும் மனிதரின் இணையப் பக்கத்தில் அவருடைய தங்கை எழுதியிருந்தார்: “அண்ணன் விடிகாலைல தவறிட்டாரு. அவரு கைல இருந்த வேலை என்னென்னன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க பாத்துக்குங்க.” அச்சுப்பொறி அது பாட்டுக்குத் தாள்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் தேதி சரியாக விழுந்திருந்தது.

பதினெட்டு வருடங்களுக்கு முன் தேதிகளைக் கணக்கிடும் சிறு கணினி நிரல் ஒன்றை எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்தவர் அவர். அதனால்தான் காலண்டர் என்ற பட்டப்பெயர். பணிமனையின் இருநூற்றுப் பத்துப் பேருந்துகளும் அதை நம்பித்தான் தினமும் கிளம்புகின்றன.

அவள் அவரை நேரில் பார்த்தது ஒரே ஒரு நாள், மூன்று வாரங்களுக்கு முன், மென்பொருளாளர் மாநாட்டில். கிளம்பும்போதே கணவன் சீண்டினான்.

“சினிமா ஸ்டாரப் பாக்கப் போற மாதிரில்ல இருக்கு.”

“ஸ்டாரு கையாட்டிட்டுப் போயிருவான். இவரு எழுதுனதுலதான் என் பஸ் ஓடுது.”

தொள்ளாயிரம் நாற்காலிகள் போட்ட அரங்கு. புத்தகங்களின் பின்னட்டையில் மட்டுமே பார்த்திருந்த முகங்கள் டீக்கு வரிசையில் நின்றன. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. காலண்டரை மட்டும் காணோம். கழுத்து அட்டையைத் திருப்பிப் போட்டபடி வாசலோரம் ஒருவர் நின்றிருந்தார். மாநாட்டு ஊழியர் என்று நினைத்து இரண்டு பேர் அவரிடம் கழிவறை எங்கே என்று கேட்டார்கள். கூடவே நடந்துபோய்க் காட்டிவிட்டு வந்தார். சற்று நேரத்தில் மேடையேறியதும் அதே மனிதர்தான்.

படம் எதுவும் காட்டாமல் இருபது நிமிடம் பேசினார், முழுக்கவும் தன் தவறுகளைப் பற்றி. “இதுவரைக்கும் கண்டுபிடிச்சது நாப்பத்தோரு தப்பு. மிச்சம் உங்ககிட்டதான் இருக்கு. வச்சுக்கிட்டு என்னங்க பண்ணப் போறீங்க?” அரங்கு சிரித்தது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்திரண்டாவது அவள் பையில் இருந்தது.

சில வருடங்களில் ஐம்பத்து மூன்றாவது வாரம் ஒன்று வரும். அவர் நிரல் அதை முதல் வாரமாக எண்ணிவிடும். ஓய்விலிருக்க வேண்டிய டிரைவருக்கு டியூட்டி விழும். அதற்கான திருத்தத்தை அவள் எழுதி ஏழு வருடமாகிறது. அவர் எழுதியதில் தான் கைவைப்பதா என்ற கூச்சத்தில் அனுப்பவே இல்லை.

மதியம், சரக்கு இறக்கும் வாசலின் படியில் உட்கார்ந்து அவர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

“சார், ஒரு சின்ன விஷயம்…”

“சின்னதா பெருசான்னு படிச்சாத்தானம்மா தெரியும். குடுங்க.”

தாளை வாங்கி வாய்விட்டுப் படித்தார். கமா, அடைப்புக்குறி எதையும் விடவில்லை. தூரத்திலிருந்து வந்த கடிதத்தை வீட்டாருக்குப் படித்துக்காட்டுகிறவரைப் போல. யார் எழுதியதையும் அப்படித்தான் படிப்பாராம். “வாய் தடுக்குற இடத்துலதான் தப்பு ஒளிஞ்சிருக்கும்.” பேச வந்த பிரபல நூலாசிரியர் ஒருவரைக் கையமர்த்தி நிறுத்தினார். “செத்த இருப்பா, இவங்க வேலையப் படிச்சிட்டிருக்கேன்.” அவளுக்குக் காது மடல் சுட்டது.

ஒரு வரியில் தடுக்கியது.

“இது யாரு எழுதுனது?”

“நீங்கதான் சார். பழைய வரி. ஒப்பிட்டுப் பாக்கச் சேத்து வச்சிருந்தேன்.”

மறுபடி படித்தார். அதே இடத்தில் தடுக்கியது. தலையை ஆட்டிக்கொண்டார். “எல்லாரோடதையும் படிச்சேன். என்னோடத வாய்விட்டுப் படிக்கல பாருங்க.” தாளை மடித்துக் கொடுத்தார். “அனுப்புங்கம்மா. எழுதுனவங்க பட்டியல்ல உங்க பேரையும் சேத்து அனுப்பணும். இல்லன்னா பாக்க மாட்டேன்.”

பட்டியலில் முதல் பெயர் அவருடையது. அதன் கீழே தன் பெயரை அடித்து, அழித்து, மறுபடி அடிக்க அவளுக்கு இரண்டு வாரம் பிடித்தது. மொத்தம் மூன்று கோப்புகள் அனுப்பினாள். இந்த வாரம் செவ்வாய்க்கிழமை முதல் கோப்பின் கீழே, “வாய் தடுக்கல” என்று எழுதினார். புதன்கிழமை இரண்டாவதில், சோதனைக்கு இன்னொரு வருடத்தையும் சேர்க்கச் சொன்னார், சேர்த்தாள். மூன்றாவது கோப்பு அந்தப் பட்டியல்; அதில் புதிதாக இருப்பது ஒரே ஒரு வரி, அவள் பெயர். அதன் கீழே எதுவும் எழுதப்படவில்லை.